ராணியின் கழுத்துப்பட்டையில் ஆளி விதை

அன்பு மகளுக்கு,

இங்கே நாங்கள் இரண்டு பேரும் சுகம், அங்கே நீங்கள் இரண்டரைப் பேரும் சுகமாக இருக்க வேண்டும் என்பதுதான் காலையில் கண் விழித்ததும் எனக்கு வருகிற முதல் நினைப்பு. அந்த அரைப் பேர் உதைக்கிறதா, ராத்திரி உன்னைத் தூங்க விடுகிறதா, துணிக்கூடையை நீ தூக்காமல் மாப்பிள்ளை பார்த்துக்கொள்கிறாரா, இதையெல்லாம் நீ போனில் சொல்லிவிடுகிறாய்தான், இருந்தாலும் கடிதத்தில் கேட்டால்தான் எனக்குக் கேட்ட மாதிரி இருக்கிறது. இன்று காலை அந்த டெஸ்ட் முடிந்துவிட்டது கண்ணு. முடிவும் சொல்லிவிட்டார்கள். உன் பிரசவத்துக்கு நான் விமானம் ஏறி வரலாமா கூடாதா என்பது இப்போது எனக்குத் தெரியும், உன் அப்பாவுக்குத் தெரியும், உனக்குத் தெரியாது. போனில் ஒரு வார்த்தையில் சொல்லிவிடலாம். ஆனால் ஒரு வார்த்தையில் சொன்னால் நீ அந்த ஒரு வார்த்தையைத்தான் கேட்பாய், இத்தனை நாள் இங்கே நடந்த கூத்து முழுக்க என் வயிற்றிலேயே தங்கிவிடும், அது இதயத்துக்கும் நல்லதில்லை. அதனால் வெட்டு மேசையில் துணியை ஒதுக்கிவிட்டு உட்கார்ந்து எழுதுகிறேன், கை ஓடுகிற வேகத்தில் எழுத்துக் கோணலாகப் போகிறது, பொறுத்துக்கொள். உன் அப்பா இதைப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து இன்றே உன் போனுக்கு அனுப்புவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார், அசல் தபாலில் மெதுவாக வரட்டும். கடைசிப் பக்கத்தை அவர் முதலில் அனுப்பிவிட்டால் அதற்கு நான் பொறுப்பல்ல. நீயும் நடுவில் அவருக்குப் போன் போட்டு என்னப்பா ஆச்சு என்று துளைக்காதே, வாயைத் திறந்தால் டீ கிடையாது என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

முதலில் இருந்து சொல்கிறேன், ஏனென்றால் உனக்குப் பாதிதான் தெரியும். எங்கள் நாடக உடுப்புப் பட்டறைப் படிக்கட்டில் வெல்வெட் சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறும்போது மூச்சு வாங்கியது என்று மட்டும்தானே உன்னிடம் சொன்னேன், நீ மாசமாக இருக்கிறாய் என்று மீதியை விழுங்கிவிட்டேன். மூச்சு மட்டும் இல்லை. தாடை இறுகிப் பிடித்தது, முதுகில் இரண்டு தோளுக்கும் நடுவில் யாரோ கட்டைவிரலை வைத்து அழுத்துகிற மாதிரி இருந்தது, படிக்கட்டின் திருப்பத்தில் சுருளை இறக்கி வைத்துவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். நெஞ்சில் வலி இல்லை, அதனால் இது நெஞ்சு விஷயமே இல்லை என்று எனக்கு நானே தீர்ப்பும் எழுதிவிட்டேன். உன் அப்பாதான் விடவில்லை. வாழ்நாள் முழுக்கப் பஸ் ஓட்டியவர் இல்லையா, மேட்டுல ஏறும்போது திணறுற வண்டியை யாராவது அப்படியே ஓட்டுவாங்களா, ஷெட்டுக்கு விடும்மா என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். ஆஸ்பத்திரியில் என்னை டிரெட்மில் என்கிற அந்த ஓடுகிற பட்டையில் ஏற்றிப் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள், பிரஷர் தாறுமாறாக ஏறுகிறதாம். ரத்தத்தில் கெட்ட கொழுப்பும் கூடிக் கிடந்தது. இதய டாக்டர் என்னைவிட ரொம்பச் சின்னவர், ஆனால் பேச்சு மட்டும் தலைமை ஆசிரியர் மாதிரி. மாத்திரை, நடை, சாப்பாடு, மூணையும் ஒழுங்கா பிடிங்க, திரும்ப இதே பட்டையில ஏத்திப் பார்ப்போம், அதுவரைக்கும் விமானத்தை அண்ணாந்து பார்க்கலாம், ஏறக் கூடாது என்று சொல்லிவிட்டார். உனக்கோ நாள் நெருங்குகிறது. அன்று வீட்டுக்கு வருகிற வழி முழுக்க நான் ஒரு வார்த்தை பேசவில்லை, நான் பேசாமல் வந்தேன் என்றால் நிலைமை எவ்வளவு மோசம் என்று நீயே பார்த்துக்கொள்.

அந்த ஆஸ்பத்திரியிலேயே சாப்பாட்டுக்கென்று ஒரு டாக்டரம்மா இருக்கிறாள், சின்னப் பெண், சிரித்த முகம், மேசை மேல் கண்ணாடிச் சீசாக்களில் விதை விதையாக அடுக்கி வைத்திருக்கிறாள். உன் அப்பா எட்டிப் பார்த்துவிட்டு, ஏம்மா கிளி டாக்டர்கிட்ட தப்பா வந்துட்டோமா என்று என் காதில் கேட்டார். அவள் எனக்கு ஒன்றொன்றாகப் புரிய வைத்தாள். மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கு உடம்பில் ஒரு சுரப்பு குறைந்துபோகிறதாம், அதுவரை அது இதயத்துக்கும் ரத்தக் குழாய்க்கும் சத்தமில்லாமல் காவல் இருந்திருக்கிறது, அது போனதும் கெட்ட கொழுப்பு ஏறுகிறது, குழாய் விறைக்கிறது, பிரஷர் எட்டிப் பார்க்கிறது. பொம்பளைங்களுக்கு மாரடைப்பு நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு விழற மாதிரிதான் வரணும்னு இல்லம்மா, தாடையில வரலாம், முதுகுல வரலாம், காரணமே இல்லாத அசதியா வரலாம், அதை எல்லாரும் வாயுன்னு சொல்லி விட்டுடறாங்க என்றாள். வாயு என்று அவள் சொன்னதும் எனக்கு ஒரு நிமிஷம் கை குளிர்ந்துவிட்டது, ஏன் என்று பிறகு சொல்கிறேன். ஆளி விதையைப் பொடி செய்து தினமும் தயிரிலோ சூப்பிலோ ஒரு கரண்டி கலந்து சாப்பிடுங்கள், அதோடு எள், பூசணி விதை, சூரியகாந்தி விதை என்று மாற்றி மாற்றிக் கொஞ்சம் சேருங்கள், தண்ணீர் நிறையக் குடியுங்கள், மாத்திரை விழுங்குகிற நேரத்தில் மட்டும் விதை வேண்டாம், தள்ளிச் சாப்பிடுங்கள் என்றாள். முக்கியமாக ஒன்று சொன்னாள், விதை மாயமந்திரம் இல்ல, மாத்திரைக்குத் துணைதான், விதை இருக்குன்னு மாத்திரையை நிறுத்தினீங்கன்னா நானே வீட்டுக்கு வந்து சண்டை போடுவேன். ஆளி விதை தண்ணீரில் ஊறினால் வழவழவென்று ஆகுமாம், அந்த வழவழப்பு குடலில் கொழுப்பைக் கொஞ்சம் பிடித்து வெளியே தள்ளுமாம். இந்தக் கடுகத்தனை விதையா கொழுப்பைப் பிடிக்கப் போகிறது என்று நான் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன். சிரித்ததற்கு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன், அதைத்தான் சொல்லப் போகிறேன்.

வீட்டில் பொடி செய்வதற்கு எனக்குச் சோம்பல், பல் எல்லாம் சொந்தப் பல்தானே, மென்றால் போகிறது என்று முழு விதையாகவே பட்டறைக்கு எடுத்துப் போனேன். ஆனால் எல்லார் முன்னாலும் எடுத்துத் தின்ன எனக்குக் கூச்சம். எதற்கு விதை தின்கிறாய் என்று கேட்பார்கள், இதயம் என்று சொன்னால் ஏன் என்று கேட்பார்கள், நின்றுபோனதைச் சொல்ல வேண்டி வரும். எங்கள் பட்டறையில் நாடகத்து ராஜா ராணி மந்திரி சேவகன் எல்லாருடைய இடுப்பளவும் மார்பளவும் சத்தம் போட்டுச் சொல்லிக்கொள்வோம், எங்கள் உடம்பைப் பற்றி மட்டும் ஒருத்திக்கு ஒருத்தி மூச்சு விட மாட்டோம். ஆகவே ஒரு காரியம் செய்தேன். பட்டறையில் மணிகள் வருகிற வட்டத் தகர டப்பா காலியாக ஒன்று கிடந்தது, விதையை அதில் கொட்டி என் தையல் பையில் போட்டுக்கொண்டேன். பளபளவென்று பழுப்பு நிறத்தில் ஆளி விதை, அதே பளபளப்பில் அதே பழுப்பில் ராணி உடுப்புக்கு ஒட்டுகிற கண்ணாடி மணி, அதே டப்பா. வேறு எந்தத் தொழிலில் இருந்தாலும் இந்த முட்டாள்தனத்துக்கு வழியே இருந்திருக்காது.

கோந்து அக்காவை உனக்கு ஞாபகம் இருக்கிறதல்லவா, மணி ஒட்டுகிறவள், ஒரு பேச்சை எடுத்தால் அதிலேயே ஒட்டிக்கொள்வாள், அதனால் அந்தப் பெயர். புது நாடகத்தின் ராணிக்கு நிமிர்ந்த கழுத்துப்பட்டை, அது முழுக்கப் பழுப்பு மணி வைத்து ஒட்ட வேண்டும். பட்டையை வெட்டியது நான், ஒட்ட வேண்டியது அவள். அவளுக்கு மூக்குக் கண்ணாடி இருக்கிறது, ஆனால் அது எப்போதும் தலையில்தான் இருக்கும், கண்ணில் இருக்காது. எந்த நேரத்தில் எந்த டப்பா எந்தப் பக்கம் நகர்ந்தது என்று இன்று வரைக்கும் எங்களுக்குத் தெரியாது, மேசையைத் துடைக்கிற நேரத்தில் நானே கூட மாற்றி வைத்திருக்கலாம். அவள் ஒட்டி முடித்துத் தூக்கிக் காட்டியபோது எல்லாரும் வாயைப் பிளந்தோம், அப்படி ஒரு மினுக்கம். கண்ணாடி மணி கண்ணைக் குத்தும், இது அப்படி இல்லை, எண்ணெய் தடவின மாதிரி அடக்கமாக மின்னியது. முதலாளியே கிட்டே வந்து தடவிப் பார்த்து, இந்தத் தடவை மணி நல்ல சரக்கு என்று தலையாட்டினார். நானும் ஆமாம் ஆமாம் என்றேன்.

மறுநாள் முழு உடுப்போடு ஒத்திகை. ஏதாவது பிரிந்தால் தைத்துக் கொடுக்க நாங்கள் எல்லாரும் ஊசி நூலோடு மேடைக்குப் பக்கத்தில் திரை மறைவில் உட்கார்ந்திருந்தோம். இருட்டாக இருக்கிறது, யாரும் பார்க்கவில்லை, இதுதான் சமயம் என்று பையில் இருந்து தயிர்க் கிண்ணத்தை எடுத்து, டப்பாவில் இருந்து ஒரு கரண்டி விதையைப் போட்டு, கலக்கி வாயில் வைத்துக் கடித்தேன் பார், கடக் என்று ஒரு சத்தம், என் மண்டைக்குள்ளேயே கேட்டது. வெளியே எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறேன், கண்ணாடி மணி! நல்லவேளை, பல்லுக்கும் ஒன்றும் ஆகவில்லை, விழுங்கவும் இல்லை. மணி என் டப்பாவில் இருக்கிறது என்றால் என் விதை எங்கே என்று யோசிக்கிறேன், மெல்லத் தலையை நிமிர்த்தி மேடையைப் பார்க்கிறேன், அங்கே ராணி கழுத்தில் என் ஒரு வாரத்து விதை மினுமினுவென்று நிற்கிறது. அடுத்த காட்சி மழை. மேலே குழாயில் நிஜத் தண்ணீர், ராணி மழையில் நனைந்துகொண்டே அழ வேண்டும், ராஜா ஓடி வந்து அணைத்துக்கொள்ள வேண்டும். எனக்கு அந்தச் சாப்பாட்டு டாக்டரம்மாவின் குரல் காதில் கேட்டது, தண்ணியில ஊறினா வழவழன்னு ஆகும்.

ஓடினேன் அம்மாடி. கிண்ணம் ஒரு பக்கம், கரண்டி ஒரு பக்கம், மேடைக்குப் பின்னால் இருக்கிற செங்குத்தான இரும்புப் படியில் ஏறித் தண்ணீர் திறக்கிற ஆளிடம் போய் நிறுத்துங்க நிறுத்துங்க என்று கத்தினேன். அவன் காதில் இசைக்கருவி சத்தம்தான் விழுந்ததே தவிர என் கத்தல் விழவில்லை. மழை கொட்டியது. முதலில் ஒன்றும் ஆகவில்லை, ராணி ரொம்ப உருக்கமாக அழுதாள், அவளுடைய நீண்ட வசனம் அது, அந்த நேரம் போதும் விதைக்கு. ராஜா வந்து அணைத்தார். பிரிய வேண்டிய இடத்தில் பிரியவில்லை. அவருடைய ஒட்டுத் தாடி பட்டையோடு ஒட்டிக்கொண்டது, அவர் பின்னால் இழுக்கிறார், நடுவில் கோழை மாதிரி நூல் நூலாக நீளுகிறது, ராணி கழுத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு வீல் என்று கத்தினாள், அது வசனத்தில் இல்லாத கத்தல். கடைசியில் தாடி ராஜாவை விட்டுவிட்டு ராணியோடு போய்விட்டது. மொத்தக் கொட்டகையும் சிரிக்கிறது, முதலாளி மட்டும் சிரிக்கவில்லை. ராஜா தாடி இல்லாமல் கன்னத்தைத் தடவிக்கொண்டு நிற்கிறார்.

பட்டறைக்குத் திரும்பியதும் முதலாளி அந்தப் பட்டையை மேசை மேல் போட்டு, இது என்ன, யாரு வேலை என்று கேட்டார். கோந்து அக்கா முகம் செத்துப்போய் நிற்கிறாள், எனக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை, என்னுடையது என்று சொல்லிவிட்டேன். ஆளி விதை, நான் திங்கிறதுக்கு வெச்சிருந்தது, எனக்கு நின்னுபோச்சு, கொழுப்பு ஏறியிருக்கு, இதயத்தைப் பார்த்துக்கணும்னு சொல்லியிருக்காங்க, என் பொண்ணுகிட்ட போகணும், போதுமா என்று ஒரே மூச்சில் கொட்டினேன். முதலாளி காது வரைக்கும் சிவந்து, மெயின் ஸ்விட்ச்சைப் பார்த்துட்டு வரேன் என்று வெளியே போனவர் நெடுநேரம் வரவேயில்லை, அந்த ஸ்விட்ச்சுக்கு என்ன ஆனது என்று யாரும் கேட்கவில்லை. அவர் போனதும் கோந்து அக்கா என்னைத் திட்டுவாள் என்று பார்த்தேன். அவள் கண் கலங்கி, பக்கத்துல பக்கத்துல உக்காந்து இத்தனை காலமா தைக்கிறோம், விரல்ல ஊசி குத்தினாக்கூட என்கிட்ட காட்டுவே, இதை மட்டும் ஏன்டி சொல்லலை என்றாள். அதற்குப் பிறகு அவளே மெதுவாக, எனக்கும் நின்னு வருஷக் கணக்காச்சு, திடீர் திடீர்னு உடம்பு கொதிக்குது, வேர்த்து ஊத்துது, யாருகிட்ட சொல்றது என்றாள். தையல் மிஷினில் உட்கார்ந்திருந்தவளும், அயர்ன் பண்ணுகிறவளும் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். அப்போதுதான் எங்களுக்கு அந்த மின்விசிறி ரகசியம் விளங்கியது. எங்கள் பட்டறையில் இருப்பது ஒரே விசிறி, ஒருத்தி போடுவாள், கொஞ்ச நேரத்தில் இன்னொருத்தி குளிருது என்று அணைப்பாள், வேண்டுமென்றே செய்கிறாள் என்று வருஷக் கணக்காக முறைத்துக்கொண்டிருந்தோம். யாரும் வேண்டுமென்று செய்யவில்லை கண்ணு, அவரவர் உடம்பு கொதிக்கிற நேரம் வேறு வேறாக இருந்திருக்கிறது, அவ்வளவுதான். விழுந்து விழுந்து சிரித்தோம், சிரிப்போடு கொஞ்சம் அழுகையும் கலந்துதான் இருந்தது.

அடுத்த நாள் எல்லாரும் சுற்றி உட்கார்ந்து விதையைச் சுரண்டி எடுத்துவிட்டு நிஜ மணியை ஒட்டினோம். சுரண்டுவது சாமான்ய வேலையா, வெந்நீர் ஊற்றினால் இன்னும் வழுக்குகிறது, ஊற்றாவிட்டால் வர மாட்டேன் என்கிறது. அப்போது சுரண்டிக்கொண்டே நினைத்தேன், துணியையும் தாடியையும் இந்தப் பிடி பிடிக்கிற விதை குடலில் கொழுப்பைப் பிடிக்கும் என்று அந்தப் பெண் சொன்னதில் பொய்யே இல்லை. அன்றைக்குத்தான் எனக்கு விதை மேல் நம்பிக்கை வந்தது. சாயந்தரம் ராணியாக நடிக்கிற அம்மாவே அளவு பார்க்க வந்தாள், எங்கள் வயதுதான், திட்டப் போகிறாள் என்று நாங்கள் குனிந்த தலை நிமிராமல் மணியை ஒட்டினோம். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, எனக்கு அந்த மழை சீன் ரொம்பப் பிடிக்கும், ஏன் தெரியுமா, நாடகம் முழுக்க அந்தக் கனமான உடுப்புல உடம்பு எரியும், தண்ணி விழற அந்த ஒரு இடத்துலதான் நிம்மதி என்றாள். போகும்போது நீங்க திங்கிற அந்த விதை எங்க கிடைக்கும் என்று கேட்டுக்கொண்டு போனாள், முதல்ல டாக்டரைப் பாருங்க, அப்புறம் விதை என்று நான் பெரிய மனுஷி மாதிரி சொல்லி அனுப்பினேன். நாடகம் நன்றாக ஓடுகிறது, தாடியும் அதன் இடத்திலேயே இருக்கிறது.

சாப்பாட்டு டாக்டரம்மாவிடம் போய் இந்தக் கதையைச் சொன்னேன், சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு சட்டென்று நிறுத்தி, முழுசாவா மென்னீங்க, நான் பொடி பண்ணச் சொன்னேனே, முழு விதை பெரும்பாலும் உள்ளே போன மாதிரியே வெளியே போயிடும்மா என்றாள். உன் அப்பா அன்றைக்கே போய்ச் சின்ன மிக்ஸி ஒன்று வாங்கி வந்தார், தினமும் காலையில் அவர்தான் பொடிக்கிறார், அந்தச் சத்தத்தில் தெருவே எழுந்துகொள்கிறது. பொடித்ததைத் தானும் ஒரு கரண்டி போட்டுக்கொள்கிறார், உங்களுக்கு எதுக்கு என்று கேட்டால் ஸ்டெப்னியும் காத்து பிடிச்சு வெச்சுக்கணும்மா என்கிறார். பட்டறையிலும் இப்போது முறை வைத்து ஆளுக்கு ஒரு நாள் பொடித்துக்கொண்டு வருகிறோம், அதற்கென்று தனியாகக் கண்ணாடிச் சீசா, மணி டப்பாவைக் கண்ணில் காட்டுவதில்லை. கோந்து அக்காவும் மிஷின்காரியும் போய் ரத்தம் கொடுத்துப் பார்த்துவிட்டார்கள், அக்காவுக்குப் பிரஷர் மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். விசிறியை இப்போது யாரும் முறைப்பதில்லை, போடட்டுமா என்று கேட்டுவிட்டுத்தான் போடுகிறோம்.

ஒத்திகையில் தாடி ஒட்டிக்கொண்ட அன்றைக்கு ராத்திரி சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. அந்த இரும்புப் படியில் நான் ஓடி ஏறியிருக்கிறேன். வெல்வெட் சுருளோடு பாதிப் படியில் உட்கார்ந்தவள், அன்று கத்திக்கொண்டே ஏறியிருக்கிறேன், தாடை பிடிக்கவில்லை, முதுகில் அந்தக் கட்டைவிரல் வரவில்லை. உன் அப்பாவிடம் சொன்னேன், அவர் சந்தோஷப்படுவதற்குப் பதிலாக, பிரேக் டெஸ்ட் பண்றதுக்கு முன்னாடி மேட்டுல ஏன்மா ஓட்டினே என்று சாப்பிட விடாமல் திட்டினார், டாக்டரும் பிறகு அதையேதான் சொன்னார். ஆனால் அன்றிலிருந்து எனக்குள் ஒரு ஆசை வந்து உட்கார்ந்துவிட்டது. அதை யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை விடாமல், நடையை விடாமல், பொடியை விடாமல் இருந்தேன். நடக்கும்போது உன் அப்பா கூடவே வருவார், தெரு முனைக்கு முனை பஸ் நிறுத்தம் மாதிரி நின்று எல்லாரிடமும் பேசுவார், அவரை இழுத்துக்கொண்டு நடப்பதே எனக்குத் தனிப் பயிற்சி.

இப்போது இன்று காலைக்கு வருகிறேன். நெஞ்சில் வயர் வயராக ஒட்டினார்கள், பட்டையில் ஏற்றினார்கள். முதலில் மெதுவாக, பிறகு வேகமாக, பிறகு மேட்டில் ஏறுகிற மாதிரி சரித்தார்கள். போன தடவை எங்கே நிறுத்தினார்களோ அந்த இடம் வந்தபோது நர்ஸ் முகத்தைப் பார்த்தேன், அவள் நிறுத்தவில்லை. அதற்கு மேலும் நடந்தேன். வேர்த்துக் கொட்டுகிறது, கால் வலிக்கிறது, மூச்சு வாங்குகிறது, ஆனால் அது நடக்கிறவளுக்கு வாங்குகிற மூச்சு, வேறு ஒன்றும் இல்லை. கடைசியில் அவளாகவே போதும்மா இறங்குங்க என்றாள். டாக்டர் அந்த நீளக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு மேலும் கீழுமாகப் பார்க்கிறார், ரத்த ரிப்போர்ட்டைப் புரட்டுகிறார், நான் உன் அப்பாவின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன், அந்த நேரத்தில் என் இதயம் அடித்த அடியை மிஷினில் பிடித்திருந்தால் ஃபெயில்தான் போட்டிருப்பார்கள். பிறகு நிமிர்ந்து, கொழுப்பு இறங்கியிருக்கு, பிரஷர் கட்டுக்குள்ள இருக்கு, பட்டையிலயும் பயப்படற மாதிரி ஒண்ணும் இல்ல என்றார். விதையா டாக்டர் என்று நான் முந்திக்கொண்டு கேட்டேன். பெரும்பங்கு மாத்திரை, கொஞ்சம் நடை, கொஞ்சம் விதை, எதுக்கு எவ்வளவு மார்க்குன்னு பிரிச்சுச் சொல்ல என்னால முடியாது, மூணையும் விடாதீங்க என்றார். அதற்கு அப்புறம்தான் நான் கேட்க வந்ததைக் கேட்டேன்.

கேட்டதற்கு அவர், போயிட்டு வாங்கம்மா என்றார்.

போயிட்டு வாங்க! வருகிறேன் கண்ணு! மாத்திரை கைப்பையில்தான் இருக்க வேண்டும், விமானத்தில் அவ்வப்போது எழுந்து நடக்க வேண்டும், தண்ணீர் குடிக்க வேண்டும், போய் இறங்கியதும் உன் ஊர் டாக்டரிடம் இந்த ரிப்போர்ட்டைக் காட்டி வைக்க வேண்டும், இவ்வளவுதான் அவர் போட்ட கட்டளை, இத்தனைக்கும் சரி சரி என்று தலையாட்டிவிட்டு வெளியே வந்து வராந்தா நாற்காலியில் உட்கார்ந்து நன்றாக அழுதேன். உன் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து கைக்குட்டையை எடுத்து நீட்டுவதற்குப் பதிலாகத் தன் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வாயு என்ற வார்த்தையைக் கேட்டு ஏன் கை குளிர்ந்தது என்று பிறகு சொல்கிறேன் என்றேனே. என் அம்மா கிட்டத்தட்ட என்னுடைய இந்த வயதில்தான் போனாள், உனக்குத் தெரியும். எப்படிப் போனாள் என்று நான் உனக்கு விவரமாகச் சொன்னதில்லை. தாடை வலிக்கிறது, முதுகு பிடிக்கிறது, அசதியாக இருக்கிறது என்று நாலைந்து நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். வீட்டில் வந்து போனவர்கள் எல்லாரும் வாயு என்றார்கள், அவளும் வாயுதான் என்றாள். அப்போது நீ என் வயிற்றில், இப்போது உன் வயிற்றில் இருப்பவர் இருக்கிற அளவுக்கு. நீ பிறந்த அன்று பிரசவ அறைக்கு வெளியே உன் அப்பா நின்றுகொண்டிருந்தார், பக்கத்தில் ஒரு நாற்காலி காலியாக இருந்ததாம், உக்காருங்க என்று நர்ஸ் சொல்லியும் அவர் உட்காரவில்லை, அது உங்கம்மாவுக்குப் போட்ட மாதிரி இருந்துச்சு என்று பிறகு என்னிடம் சொன்னார். இத்தனை வருஷமும் எனக்குப் பயம் சாவதைப் பற்றி இல்லை கண்ணு, உனக்கும் அந்த நாற்காலி காலியாகிவிடுமோ என்றுதான்.

மாப்பிள்ளையிடம் சொல்லி வை, பிரசவ அறைக்கு வெளியே எனக்கு ஒரு நாற்காலி வேண்டும், நல்ல சாய்மானம் வைத்ததாக. நான் அதில் உட்காரத்தான் வருகிறேன்.

மறக்காமல் இதையும் செய். சின்ன மிக்ஸி ஒன்று வாங்கி வை, விதையை விமானத்தில் கொண்டுவந்தால் கெடுபிடி செய்வார்களாம், அங்கேயே வாங்கிக்கொள்கிறேன். நான் பொடிக்கிறேன் என்று நீயும் அள்ளிப் போட்டுக்கொள்ளாதே, பிள்ளை பிறக்கிற வரைக்கும் உன் டாக்டரைக் கேட்காமல் ஒரு விதைகூடத் தொடக் கூடாது. மாப்பிள்ளையின் அம்மாவுக்கும் என் வயதுதானே, கூச்சப்படாமல் ஒரு தடவை ரத்தம் பார்க்கச் சொல், கூச்சமாக இருந்தால் ராணி கதையைப் படித்துக் காட்டு. நீ நல்லபடியாகப் பெற்றுப் பிழைத்து, உன் வீடு நிறைந்து, நீயும் உன் பிள்ளையும் நோய் நொடி இல்லாமல் நூறு வருஷம் இருக்க வேண்டும் என்று இங்கே இரண்டு பேரும், பட்டறையில் விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருக்கிற அத்தனை பேரும் வாழ்த்துகிறோம்.

இந்தக் கடிதத்துக்குப் பின்னாலேயே வந்துகொண்டிருக்கிற,
உன் அம்மா